கன்னுக்கு ஒரு காம்பு

வாங்க அம்மிணி. அந்தக் கயித்துக்கட்டில்ல உக்காருங்க. சாணி கெடக்குது, பாத்துக் கால் வைங்க. பேனாவை மட்டும் இப்பவே தொறக்காதீங்க. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. உங்களை இங்க அனுப்புனது யாருங்க, பால்வாடி டீச்சரா?

இல்லையா. காலேஜ்ல இருந்து வந்திருக்கறீங்களா. விவசாயக் குடும்பத்துல வருமானம் என்ன, சின்னக் குழந்தைங்க என்ன திங்குதுன்னு கேட்டு எழுதறீங்களா. சரிங்க. ஊருக்குள்ள அத்தனை வீடு இருக்கறப்ப, ஒதுக்குப்பொறமா கெடக்கற இந்தத் தோட்டத்து வீட்டுக்கு எப்படி நேரா வந்து நின்னீங்க? வழி கேட்டீங்க, சொன்னாங்க. எங்க கேட்டீங்க? டீக்கடையில. மயில்சாமி கடையிலதானுங்களே? அப்ப விசயம் புரிஞ்சு போச்சு. அவன் வழி மட்டும் சொல்லியிருக்க மாட்டான்.

அட, எந்திரிக்காதீங்க. வந்தவங்களைத் தொரத்தற ஆளு இல்லீங்க நானு. கேக்க வேண்டியதைக் கேக்கோணுமில்ல, அதான் கேட்டேன். கோகிலா, அம்மிணிக்கு ஒரு வரக்காப்பி வையி. பாலு ஊத்திக் குடிப்பீங்களா? அப்ப சித்தப் பொறுக்கோணும். காத்தாலப் பாலு காத்தாலயே பால் சொசைட்டிக்குப் போயிருச்சு. இனி சாங்காலம் கறந்தாத்தான்.

மூணு மாடு கட்டியிருக்கற வீட்ல ஒரு காப்பிக்குப் பாலில்லையான்னு உங்க மொகத்துல ஓடுது. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. பாலு விக்கற பொருளுங்க அம்மிணி. ஜவுளிக்கடை வெச்சிருக்கறவன் தெனம் ஒரு புதுவேட்டியா கட்டறான்? அதுமாதிரித்தான் இதுவும்.

வருமானம் எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க. நான் ஒண்ணு சொல்ல, நீங்க ஒண்ணு எழுத, அதை எவனாவது படிச்சு ரேஷன் கார்டை மாத்திப்புடுவான். முன்னைக்கு இப்பத் தேவலைன்னு எழுதிக்குங்க. அது பொய்யில்லை. முன்ன தக்காளியும் மொளகாயும் போட்டுட்டு வானத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்போம். வெலை விழுந்துச்சுன்னா மார்க்கெட்டுக்குக் கொண்டுபோன தக்காளியை ரோட்டோரம் கொட்டிட்டு வெறும் கூடையோட வந்திருக்கறேன். அப்ப வீட்ல ஒரு எருமை மட்டும் நின்னுச்சு. அது பாலை எவன் வாங்கறான்? இந்தப் பக்கம் பால் வண்டியே வராது. நாங்களே குடிப்போம், தயிராத் திம்போம், மோரை அக்கம்பக்கத்துல ஊத்துவோம். கையில காசுங்கறது கண்ணுல காணாது. எம்பட பெரியவன் அந்தக் காலத்துல பொறந்தவன். இப்பப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கறான், வந்தாப் பாருங்க, உரல் மாதிரி இருப்பான்.

அப்பறம் ரோடு பிரியற மொக்குல சொசைட்டி வந்துச்சு. எருமையை வித்துப்போட்டு சிந்து மாடு புடிச்சேன், ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. மாசம் பொறந்தா பேங்குல காசு வந்து விழுகுது. ஓடு மாத்துனேன், பைக்கு எடுத்தேன். இந்தக் காசு வந்தப்பறம் பொறந்தவதான் சின்னவ, சஷ்மிதா. ரெண்டரை வயசு. இப்ப நீங்களே சொல்லுங்க. காசே இல்லாதப்பப் பொறந்தவன் உரல் மாதிரி இருக்கறான். காசு கொழிக்கறப்பப் பொறந்தவ வத்தலும் தொத்தலுமா இருக்கறா. இது என்ன நாயம்? யாரோ என்னமோ பண்ணியிருக்கறாங்கன்னுதானே நெனைக்கத் தோணும்?

இருங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டே பேசறேன். நேரமாச்சுன்னா கத்த ஆரம்பிச்சிரும்.

இந்தத் தொட்டியில பாருங்க. வெறும் கழனித்தண்ணி இல்லை. கடலைப்புண்ணாக்கு ஊறவெச்சது, பருத்திக்கொட்டை ஆட்டுனது, கோதுமைத் தவுடு, மக்காச்சோள மாவு, தாதுஉப்பு ஒரு கை. அதுக்கு மேல பச்சைச் சோளத்தட்டு வேற. மாட்டு டாக்டரே எங்கிட்ட வந்து நின்னு பாத்துட்டு, சென்னியப்பா, நீ ஊர்ல நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கோணும்னு சொன்னாரு. சினையா இருக்கறப்பவே பாத்துக்கோணுமுங்க. கடைசி ரெண்டு மாசம் தீனியில கொறை வெச்சீங்கன்னா விழுகற கன்னு நோஞ்சானாத்தான் விழுகும், ஆயுசுக்கும் தேறாது. அந்த ரெண்டு மாசம் எம்பட மாட்டை நான் வெயில்ல கூடக் கட்ட மாட்டேன். சின்னவ வயித்துல இருந்தப்ப கோகிலாவுக்குத்தான் பாவம் ஓய்வே இல்லை. தட்டு அறுக்க ஆளு கெடைக்கலீங்க, என்ன பண்றது.

அந்தக் கன்னு எதுக்கு அத்துட்டு ஓடறாப்பல துள்ளுதுன்னு பாக்கறீங்களா? கறவை நேரம் அதுக்குத் தெரியும். மொதல்ல அதை ஊட்ட விட்டு, மடி எறங்குனதும் புடிச்சுக் கட்டிட்டு நான் கறப்பேன். மூணு காம்புதான் கறப்பேன். ஒரு காம்பு கன்னுக்கு அப்படியே விட்டுருவேன். தொடவே மாட்டேன். கெடேரிக் கன்னுங்க. இப்ப அது வவுத்துக்கு வஞ்சகம் பண்ணுனா நாளைக்கு அது மாடாகுமா? பொழைக்கத் தெரிஞ்சவன் கன்னு வாயில இருந்து புடுங்க மாட்டான்.

எங்க விட்டேன்? ஆங், சின்னவ.

அவளுக்கு நான் கொறை வெச்சேன்னு யாராவது உங்ககிட்டச் சொல்லியிருந்தா அது சுத்தப் பொய்யி. சந்தைக்குப் போனா அவளுக்கு பிஸ்கோத்து, குர்குர்னு கடிக்கற அந்த மஞ்சப் பாக்கெட்டு, பன்னு, எதுவும் வாங்காம வந்ததில்லை. காத்தால எந்திரிச்சா வரக்காப்பியில பிஸ்கோத்து முக்கிக் குடுப்பா அவ அம்மா. சோறு, ரசம். கேட்டதெல்லாம் கெடைக்குது. நாட்டுக்கோழி நிக்குது, முட்டை வருது, ஆனா நாட்டுமுட்டைக்கு இருக்கற கிராக்கிக்கு அதை வீட்ல ஒடைக்கறதுக்கு எவனுக்கு மனசு வரும், சொல்லுங்க.

ஒருநா கோகிலா பால்வாடியில இருந்து அழுதுட்டே வந்தா. டீச்சரு எடை போட்டுப் பாத்துச்சாமா. வயசுக்கு எடையே இல்லை, அட்டையில செவப்புக் கோட்டுக்குக் கீழ இருக்கறா, இப்படியே விட்டா ஒரு காய்ச்சல் வந்தாக்கூடத் தாங்க மாட்டா, பெரியாஸ்பத்திரியில சேக்கோணும்னு சொல்லிப்போட்டுச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அந்தத் தராசை நான் பாத்திருக்கறேன். கொக்கியில துணித்தூளி மாட்டி, குழந்தையைக் காய்கறியாட்டத் தொங்கவிடறது. அது காட்டறதெல்லாம் ஒரு எடையா? அதுல கொறைச்சலாக் காட்டுனாத்தானே டீச்சருக்கு மேல இருந்து மாவு மூட்டை சாஸ்தியா வரும். அதுல எங்கயோ உள்ளடி வேலை இருக்குதுன்னு எனக்கு அப்பவே பட்டுச்சு.

நான் விடலை. சின்னவளைத் தூக்கி பைக்குல முன்னாடி உக்கார வெச்சுட்டு நேரா தீவனக் கடைக்குப் போனேன். அங்க இருக்கறது மூட்டை போடற எலெக்ட்ரிக் தராசு. தவுட்டு மூட்டையை எறக்கிப்போட்டு இவளை ஏத்தி நிக்க வெச்சேன். பயந்துட்டு எம்பட வெரலை விடவே இல்லை. அதுலயும் டீச்சரு சொன்ன எடைதான் காட்டுச்சு. சொல்லப்போனா ஒரு பிசுக்குக் கொறைச்சலாத்தான் காட்டுச்சு.

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. அந்தக் கடைக்காரனும் தராசுல என்னமோ பண்ணி வெச்சிருக்கறான். இத்தனை வருசமா எனக்குத் தவுடு போட்டதும் இதே தராசுலதானே. வீட்டுக்கு வந்து ராத்திரியெல்லாம் யோசனை பண்ணுனேன். தராசு கொறைச்சலாக் காட்டுச்சுன்னா எனக்குத் தவுடு சாஸ்தியா வந்திருக்கோணும். வரலை. அப்படின்னா தராசு சரின்னு ஆகுது. தராசு சரின்னா… அது எப்படிங்க? அதுல வேற ஏதோ தந்திரம் இருக்குது. எனக்குப் புடிபடலை, அவ்வளவுதான். அன்னையில இருந்து தீவனக் கடையை மாத்திப்போட்டேன்.

டீச்சரு சத்துமாவு குடுத்துவிட்டுச்சு, பாக்கெட்டு பாக்கெட்டா. கொழுக்கட்டை புடிச்சுக் குடுங்க, கஞ்சி காச்சிக் குடுங்கன்னு. சும்மா குடுக்கறாங்கன்னாலே எனக்கு ஆகாது. ஓசியில எவன் நல்லதைக் குடுப்பான்? பிரிச்சு மோந்து பாத்தேன். வெல்ல வாசம் அடிச்சுது, வறுத்த கடலை வாசம் அடிச்சுது. இருந்தாலும் குழந்தைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்கோணுமில்ல? ஒரு பாக்கெட்டை இந்தத் தொட்டியில கொட்டிக் கலக்கிவிட்டேன். மாடு தொட்டியை நக்கிப் பளபளன்னு வெச்சிருச்சு. ஒரு வாரம் விடாமப் போட்டேன். பாலு ஏறுச்சுங்க. சும்மா இல்லை, கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏறுச்சு. அதோட எனக்கு உண்மை வெளங்கிப் போச்சு. மாட்டுத் தீவனத்தைப் பாக்கெட்டுல அடைச்சுக் குழந்தைங்களுக்குக் குடுக்கறாங்க. மாட்டுக்கு ஒத்துக்கிட்டா அது மாட்டுத் தீவனம்தானே? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.

என்ன சிரிக்கறீங்க. சிரிக்கலையா? சரி.

மாவு வாங்கறதை நான் நிறுத்தச் சொல்லலை. வரட்டும். சினை மாட்டுக்கு ஆவுது. குழந்தைக்கு வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். பால்வாடியில உக்கார வெச்சுச் சோறு போடறாங்களே, அதுக்கும் அனுப்ப வேண்டாம்னு சொன்னேன். கையில கருப்புக்கயிறு கட்டுனேன், சுத்திப்போட்டேன், பக்கத்துத் தோட்டத்துக்காரி கண்ணு படாம இருக்க அந்தப் பக்கம் வேலிக்குச் சேலை கட்டி மறைச்சேன். ஒரு அப்பன் பண்ண வேண்டியது அத்தனையும் பண்ணுனேன்.

இப்ப நான் சொல்லப் போறதைக் கேளுங்க. இதைக் கேட்டுட்டு நாயத்தை நீங்களே சொல்லுங்க.

போன ஐப்பசியில, மழை பேஞ்சு பசும்புல்லு நல்லா இருக்கற நேரம், பாலு கொறைய ஆரம்பிச்சுது. எம்பட பழக்கம் என்னன்னா, காத்தால நான் கறந்து கேன்ல ஊத்தி மூடிவெச்சுட்டுத் தட்டு அறுக்கப் போயிருவேன். கோகிலா கேனை எடுத்துட்டு, இவளையும் இடுப்புல தூக்கிட்டு மொக்குக்குப் போயி ஊத்திட்டு வருவா. கேனு கழுத்துல எது வரைக்கும் பாலு நிக்கோணும்னு எனக்குத் தெரியும், கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். ஆனா சொசைட்டியில அளந்து போடற அளவு பாத்தா ஒரு சொம்பு கொறையுது. தெனமும் கொறையுது.

மொதல்ல பாம்போன்னு நெனைச்சேன். சாரைப்பாம்பு மாட்டுக் கால்ல சுத்திட்டு மடியில பாலு குடிக்கும்னு எங்கப்பன் சொல்லுவாரு. ஆனா பாம்பு குடிச்சா மடியில கொறையோணும், கேன்ல எப்படிக் கொறையும்? அப்பறம் சொசைட்டிக்காரன் அளவுல கை வெக்கறான்னு நெனைச்சு அவன்கிட்டப் போயி சத்தம் போட்டேன். அவன் எல்லார் முன்னாடியும் அளந்து காட்டிட்டான். எனக்கு அவமானமாப் போச்சு. வீட்டுக்கு வந்து கோகிலாகிட்ட, பாலு கொறையுது, என்னன்னு பாருன்னு சொன்னேன். அடுத்த நாள்ல இருந்து அளவு சரியாகிருச்சு.

அளவு சரியாச்சு, ஆனா டிகிரி விழுந்துருச்சு. அந்தக் கண்ணாடிக் குழாயைப் பால்ல மெதக்க விட்டுப் பாப்பாங்களே, அதுல. அன்னைக்குக் கணக்குப் பாக்க நானும் சொசைட்டிக்குப் போயிருந்தேன், டெஸ்ட்டர் குருநாதன் வெச்சுப் பாத்துட்டு எம்பட மொகத்தைப் பாத்தான். அண்ணா, தண்ணி கலந்திருக்குதுன்னான்.

அம்மிணி, எனக்கு அந்த எடத்துல பூமி பொளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் தண்ணி ஊத்துனாலும் சென்னியப்பன் ஊத்த மாட்டான்னு பேரு வாங்குனவன். பொங்கலுக்கு நல்ல பாலு ஊத்தறவனுக்குன்னு சொசைட்டியில எவர்சில்வர் போசி, பெரிய பாத்திரமுங்க, குடுப்பாங்க. ரெண்டு வருசமா எனக்குத்தான் குடுத்தாங்க. அந்த ஆளைப் பாத்து, எல்லாரும் கேனோட வரிசையில நிக்கறப்ப, தண்ணி ஊத்திட்டேங்கறான். மயில்சாமி பின்னால நின்னு இருமுறான். அவன் இருமுனது இருமலா, சிரிப்பாங்கறது எனக்குத் தெரியாதா?

இது வீட்டுக்குள்ள நடக்கற திருட்டுன்னு அன்னைக்குத்தான் எம்பட புத்திக்கு எட்டுச்சு. பாலை எடுத்துட்டு அந்த எடத்துக்குத் தண்ணி ஊத்தறா. எடுத்த பாலு எங்க போகுது? டீக்கடைக்கா? அவ பொறந்த ஊட்டுக்கா? அவங்கம்மாகிட்ட போன்ல குசுகுசுன்னு பேசறது எனக்குக் கேக்காமயா இருக்குது. கட்டுன பொண்டாட்டியைச் சந்தேகப்படறது லேசான காரியமில்லீங்க. எனக்குச் சோறு எறங்கலை.

மறுநா தட்டு அறுக்கப் போறாப்பல போக்குக் காட்டிட்டு, சோளக்காட்டுக்குள்ள பூந்து அவ பின்னாடியே போனேன். கேனு ஒரு கையில, இவ இடுப்புல. மொக்குக்கு நேரா போறதுதானே? போகலை. பால்வாடிக்குள்ள திரும்புனா. டீச்சரும் இதுல கூட்டு. பாத்தீங்களா, நான் மொதல்லயே சொன்னேனில்ல?

செவுத்தோரமா நின்னு பாக்கறேன். கோகிலா கேனைத் தொறந்து ஒரு சொம்பு பாலு மொண்டு ஆயாகிட்டக் குடுத்தா. ஆயா அடுப்புல வெச்சுது. கோகிலா வெளிய வந்து பைப்புல ஒரு சொம்பு தண்ணி புடிச்சு கேன்ல ஊத்தி மூடுனா. கையும் களவுமா சிக்கிட்டாளுங்க. சரி, மொண்டதை எங்க விக்கறாங்கன்னு பாத்துட்டு உள்ள போலாம்னு பல்லைக் கடிச்சுட்டு நின்னேன். பாலு பொங்குச்சு. ஆயா எறக்கி ஆத்துச்சு. ஒரு டம்ளர்ல ஊத்தி சின்னவ கையில குடுத்துச்சு. மிச்சத்தை உறை ஊத்தி வெச்சுச்சு, மத்தியானத்துக்குத் தயிரு சோறாமா.

நான் உள்ள போனேன். டீச்சரு, வாங்கண்ணா, உக்காருங்கன்னுச்சு, என்னமோ ஒறம்பரை விருந்துக்கு வந்தாப்பல. நான் அதைப் பாக்கவே இல்லை. சின்னவளைப் பாத்தேன். பாதி குடிச்சிருந்தா. என்னையப் பாத்ததும் டம்ளரைக் கீழ வெச்சுட்டுப் பொறங்கையால வாயைத் தொடைச்சா. சுத்தமாத் தொடைச்சுட்டு, கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டா. அந்த வயசுல ஒரு குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? யாரோ பழக்கியிருக்கறாங்க. வீட்டுக்கு வர்றப்ப வாயில பாலு வாசம் கூட இருக்கப்படாதுன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கறாங்க. எம்பட குழந்தைக்கு ரெண்டு வயசுலயே திருட்டுப்புத்தி ஊட்டிட்டாங்களே, அதாங்க எனக்குத் தாங்கலை.

கோகிலாவைப் பாத்து, திருட்டு நாயே, என்ன வேலைடி பண்ணியிருக்கறேன்னு கேட்டேன். கோபத்துல வந்த வார்த்தை, எழுதாதீங்க.

அதுக்கு அவ, திருடலீங்க மாமா, அவளுக்குத்தான் குடுத்தேன்னா.

எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லன்னேன்.

கேட்டேனுங்க, ஆடியில கேட்டேன், புரட்டாசியில கேட்டேன், கேன்ல கொறையும்னு சொல்லிப்போட்டீங்க, அப்படிங்கறா. கேட்டாளான்னு எனக்கு ஞாபகமே இல்லீங்க. கேட்டிருந்தாலும் நான் பாலு கறக்கற நேரத்துல கேட்டிருப்பா. அந்த நேரத்துல யாரு என்ன கேட்டாலும் என் காதுல விழுகாது.

டீச்சரு நடுவுல வந்து, அண்ணா, இந்த ஒரு மாசத்துல பாப்பா எடை ஏறியிருக்குது, நீங்களே வந்து பாருங்கன்னு அந்தத் தராசை மறுபடியும் காட்டுது. ஏறாம என்ன பண்ணும், அவங்க தராசு அவங்க சொல்றதுதானே கேக்கும்?

நான் கை நீட்டலீங்க. அதை மட்டும் நல்லா எழுதிக்குங்க. பொம்பளையை அடிக்கற குடும்பமில்லை எங்களுது. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் தீரலை. இவங்க குடுக்கறது எம்பட மாட்டுப் பாலுதானா, இல்லை அதைக் கடைக்கு வித்துப்போட்டு இவளுக்குப் பவுடர் பாலைக் கரைச்சுக் குடுக்கறாங்களா? யாரைக் கேட்டாலும் உண்மை வராது. கீழ இருந்த டம்ளரை எடுத்தேன். ஒரு வாயி குடிச்சுப் பாத்தேன். ஒரு வாயில தெரியுமா? நின்னு நிதானமாக் குடிச்சாத்தான் மாட்டோட வாசம் தெரியும். முழுசும் குடிச்சுட்டேன். எம்பட மாட்டுப் பாலேதான். பருத்திக்கொட்டை போட்ட பாலு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா, கட்டியா, தித்திப்பா. அப்பவும் சின்னவ அழுகலை. என்னை அண்ணாந்து பாத்துட்டே நின்னா.

அன்னையில இருந்து கேனை நானே கொண்டுபோறேன். மூடிக்கு ஒரு பூட்டு போட்டிருக்கறேன், பாருங்க, தொங்குது. டிகிரி பழையபடி நின்னுச்சு. இந்தப் பொங்கலுக்கும் போசி நமக்குத்தான். குருநாதன் அவனே வந்து, அண்ணா, மன்னிச்சுக்குங்கன்னு சொன்னான். மானம் போனது திரும்பி வந்துச்சு.

ஆனா ஒண்ணு சொல்றேன் அம்மிணி. வீட்ல ஒரு சந்தோசமில்லை. நான் கேட்டதுக்கு மட்டும் கோகிலா பதில் சொல்லுவா, அவ்வளவுதான். சின்னவளுக்கு மார்கழியில சளி புடிச்சது, இன்னும் விட்ட பாடில்லை, நெஞ்சுக்கூடு தனியாத் தெரியுது. அதுகூடப் பரவாயில்லை, சரியாயிரும். எங்கிட்ட வர மாட்டேங்கறாளுங்க. பைக்கு சத்தம் கேட்டா ஓடி வருவா முன்னல்லாம். இப்ப நான் உள்ள வந்தா அவ வேற பக்கம் போறா. பெத்த புள்ளை அப்படிப் பண்றப்ப எப்படி இருக்கும்? அவளுக்கு என்னமோ சொல்லிக் குடுத்திருக்கறாங்க. கோகிலாவா, அந்த டீச்சரா, யாருன்னுதான் தெரியோணும். கண்டுபுடிக்காம விட மாட்டேன்.

இருங்க, கன்னைப் புடிச்சுக் கட்டிட்டு வர்றேன். போதும் போதும், இந்தப்பக்கம் வா. பாத்தீங்களா, என்ன முட்டு முட்டுது. இந்தா, அந்த ஒரு காம்பு உனக்குத்தான், யாரும் எடுக்க மாட்டாங்க, கறந்துட்டு அவுத்து விடறேன், நில்லு.

குழந்தைக்குப் பாலு குடுக்கறீங்களா இல்லையான்னு திரும்பத் திரும்ப அதையே கேக்கறீங்க. யாரு கேக்கச் சொன்னாங்களோ. சரி, உங்க கண்ணு முன்னாடியே குடுத்துர்றேன். நாளைக்கு எவனும் என்னைப் பேசப்படாது. கோகிலா, இந்தா, இப்பக் கறந்தது, ஒரு டம்ளர் காச்சி ஆத்திக் கொண்டா. ஆமா, பாப்பாவுக்குத்தான். என்ன அப்படிப் பாக்கறே? கொண்டான்னா கொண்டா. அம்மிணிக்கும் காப்பியில ஊத்து.

கேளுங்க அம்மிணி, நான் பாலு குடுக்கக் கூடாதுன்னு எப்பச் சொன்னேன்? கேட்டு வாங்கிக் குடுக்கோணும்னுதான் சொன்னேன். எம்பட புள்ளைக்கு நான் குடுக்காம வேற எவன் குடுப்பான்?

பாப்பா, இங்க வா சாமி. வா, அப்பன் ஒண்ணும் பண்ண மாட்டேன். இவங்க ஊசி போடறவங்க இல்லை. வா. பாருங்க, கதவு மறைவுல நின்னு எட்டிப் பாக்கறா. அம்மா பக்கத்துல நின்னாத்தான் வருவா. கோகிலா, அவகிட்டக் குடு. ரெண்டு கையிலயும் புடிச்சுக்க, சுடுதா? சுடலையில்ல. குடி கண்ணு. முழுசும் உனக்குத்தான். குடி.

ஏன் குடிக்க மாட்டேங்கறே? அவங்களைப் பாக்காதே, என்னைப் பாரு. குடி.

பாருங்க, பாருங்க. எங்கிட்ட நடந்து வர்றா. தளும்பாமக் கொண்டு வர்றா பாருங்க, எத்தனை கெட்டிக்காரி. என்ன சாமி? எனக்கா?

அப்பா குடின்னு சொல்றாளுங்க.

காதுல கேட்டுச்சில்ல, நான் சொல்லிக் குடுக்கலை. அவளாவே டம்ளரை எம்பட வாய்கிட்ட நீட்டறா. இத்தனை நாளா எங்கிட்ட வராம இருந்தவ. நான் ஒண்ணும் கெட்ட அப்பன் இல்லைன்னு குழந்தைக்குத் தெரிஞ்சிருக்குது, பெரியவங்களுக்குத்தான் தெரியலை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு அம்மிணி. நீ குடி சாமின்னு சொல்றேன், தலையை ஆட்டறா பாருங்க. வாயை இறுக்கி மூடிட்டுத் தலையை ஆட்டறா. அவளுக்குப் பாலே புடிக்கறதில்லீங்க, இப்ப நீங்களே பாத்துட்டீங்க. குழந்தை ஆசையா நீட்டறப்ப வேண்டாம்னு எப்படிச் சொல்றது, சொல்லுங்க. மனசு ஒடைஞ்சிராது?

ம். நல்ல பாலு. இன்னைக்குப் புண்ணாக்கு நல்லா ஊறியிருக்குது.

இந்தா சாமி, டம்ளரு. வெறும் டம்ளருக்குள்ள எட்டிப் பாக்கறா பாருங்க, வெளையாட்டு.

கோகிலா எதுக்கு இப்ப உள்ள போறா? அதென்னங்க அம்மிணி, இத்தனை நேரம் நான் சொன்னதுக்கெல்லாம் பேனாவைத் தொடாம உக்காந்திருந்துட்டு, நான் குடிச்சதும் என்னமோ எழுதுனீங்க? காட்டுங்க. என்ன எழுதுனீங்கன்னு காட்டிட்டுப் போங்க.